மூன்று எழுத்தின் அதிகாரம் – டபுள் க்ளிக்கின் கதை

ஒரு ஃபைலின் மேல் மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் அது திறந்துகொள்கிறது. பாட்டு என்றால் பாட்டுக்கான மென்பொருள் வருகிறது. கடிதம் என்றால் வேர்டு வருகிறது. இதில் என்ன பெரிய வரலாறு என்று தோன்றலாம்.

ஆனால் "இந்த ஃபைலை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அதில் ஒரு விடையில் இருந்த ஓட்டை வழியாக 2000-ம் ஆண்டில் ஒரு காதல் கடிதம் உலகம் முழுக்கப் புகுந்து விளையாடியது. இதே கேள்வியை ஒட்டிய ஒரு வழக்கில் மைக்ரோசாப்ட் பல கோடி யூரோ அபராதம் கட்டியது. ஃபைல் அசோசியேஷன் என்ற வறண்ட பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மூன்று எழுத்து எங்கிருந்து வந்தது?

ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து மூன்று எழுத்து போடும் வழக்கத்தை ஆரம்பித்தது மைக்ரோசாப்ட் அல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிடிபி-10 கம்ப்யூட்டர்களில் டாப்ஸ்-10 என்ற இயங்குதளம் ஓடியது. அதில் பெயருக்கு ஆறு எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு மூன்று எழுத்து. காரணம் ரொம்ப எளிது. அந்த இயந்திரத்தின் ஒரு 'வேர்டு' என்பது 36 பிட். ஒரு எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால் ஒரு வேர்டில் ஆறு எழுத்து அடங்கும், அரை வேர்டில் மூன்று. இடத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்குதான் இது!

கேரி கில்டால் 1974-ல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் எட்டு எழுத்தாக வளர்ந்தது. சிபி/எம்மைப் பார்த்து எழுதப்பட்ட 86-டாஸை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது. அதுதான் 1981-ல் ஐபிஎம் பிசியோடு வெளிவந்த டாஸ். எட்டும் மூன்றும் அப்படியே கூட வந்தன.

டாஸில் டபுள் க்ளிக் கிடையாது. எந்த மென்பொருள் வேண்டும் என்று முதலில் அதன் பெயரைத் தட்ட வேண்டும், பிறகு ஃபைல் பெயரைத் தட்ட வேண்டும். டாஸ் தானாக ஓட்டத் தெரிந்து வைத்திருந்தது .காம், .இஎக்ஸ்இ, .பேட் ஆகிய மூன்றை மட்டும்தான். மற்ற ஃபைல்களுக்கு எக்ஸ்டென்ஷன் என்பது டப்பாவின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாதிரி. மிளகாய்த்தூள் என்று எழுதியிருந்தால் படிக்கிறவருக்கு உதவும். டப்பாவைத் திறப்பது அவர் கையில்தான்.

மேக்கின்டாஷ் சொன்ன விடை

1984 ஜனவரியில் ஆப்பிளின் மேக்கின்டாஷ் வந்தது. அங்கே எல்லாமே படமும் மவுஸும். படத்தைத் தட்டினால் ஃபைல் திறந்தாக வேண்டும் என்றால், எந்த மென்பொருள் என்று கம்ப்யூட்டருக்கே தெரிய வேண்டும். மேக்கின் ஃபைண்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான புரூஸ் ஹார்ன் இதற்கு ஒரு வழி செய்தார். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல், நான்கு எழுத்தில் இரண்டு குறியீடுகள். ஒன்று 'டைப்', அதாவது ஃபைல் எந்த வகை. இன்னொன்று 'கிரியேட்டர்', அதாவது அதை உருவாக்கிய மென்பொருள் எது.

இதனால் ஒரு நல்ல வசதி கிடைத்தது. ஒரே வகையான இரண்டு எழுத்து ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றைத் தட்டினால் அதை எழுதிய மென்பொருள் வரும், மற்றதைத் தட்டினால் அதன் மென்பொருள் வரும். பெயரை எப்படி மாற்றினாலும் ஒன்றும் கெடாது. பெயர் வைப்பது மனிதனுக்கு, குறியீடு இயந்திரத்துக்கு என்று தெளிவான பாகப்பிரிவினை.

எந்தக் குறியீடு எந்த மென்பொருளுக்குச் சொந்தம் என்ற கணக்கை மேக் ஒரு மறைவான 'டெஸ்க்டாப்' ஃபைலில் எழுதி வைத்திருந்தது. அது கெட்டுப்போனால் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாக மாறிவிடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் என்ற இரண்டு கீகளையும் அழுத்திப் பிடித்தால் அந்தக் கணக்கு புதிதாக எழுதப்படும். பழைய மேக் ஆட்கள் இதை ஒரு கைவைத்தியம் போலச் செய்து வந்தார்கள்.

குறை எங்கே? ஃபைல் மேக்கை விட்டு வெளியே போகும்போது. டாஸ் பிளாப்பியிலோ இன்டர்நெட்டிலோ போனால் அந்த இரண்டு குறியீடுகளும் கழன்றுவிடும். திரும்பி வரும்போது ஃபைல் தன் ஊர் பேர் தெரியாமல் வந்து நிற்கும், மேக்கும் "இதை உருவாக்கிய மென்பொருள் கிடைக்கவில்லை" என்று கைவிரிக்கும். குறியீட்டைக் கையால் மாற்ற ரெஸ்எடிட் போன்ற நிபுணர் கருவி தேவைப்பட்டது.

விண்டோஸ் 3.1 – எல்லோரும் படிக்கக்கூடிய பட்டியல்

விண்டோஸுக்கு டாஸ்தான் அஸ்திவாரம். அதனால் ஃபைலில் ஒட்டியிருந்த ஒரே அடையாளம் அந்த மூன்று எழுத்து. வெறும் பெயர்ச்சீட்டாக இருந்ததை விண்டோஸ் அதிகாரமுள்ள உத்தரவாக மாற்றியது.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் வின்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்து ஃபைல் இருந்தது. அதில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற ஒரு பகுதி. டிஎக்ஸ்டி என்றால் நோட்பேட், பிஎம்பி என்றால் பெயின்ட்பிரஷ் என்று வரிசையாக வரிகள். ஃபைல் மேனேஜரின் மெனுவில் 'அசோசியேட்' என்ற கட்டளையைக் கொடுத்து இதை மாற்றலாம். இல்லாவிட்டால் நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து கையாலேயே திருத்தலாம். யார் எதை மாற்றினார்கள் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அதே 3.1-ல்தான் ரெஜிஸ்ட்ரியின் முதல் வடிவமும் சத்தமில்லாமல் நுழைந்தது.

விண்டோஸ் 95 – பட்டியல் உள்ளே போனது

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. இந்தக் கணக்கு முழுவதும் ரெஜிஸ்ட்ரிக்குள், 'எச்கீ கிளாஸஸ் ரூட்' என்ற பிரிவுக்குப் போனது. இரண்டு படியாக வேலை நடந்தது. முதலில் .டிஎக்ஸ்டி என்ற எழுத்துக்கு 'டிஎக்ஸ்டிஃபைல்' என்று ஒரு வகைப் பெயர். பிறகு அந்த வகைக்கு 'ஓபன்' என்றால் என்ன செய்ய வேண்டும், 'பிரின்ட்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனிக் கட்டளைகள். ரைட் க்ளிக் செய்தால் வரும் மெனுவில் உள்ள பல வரிகள் இங்கிருந்து வருபவைதான்.

பயனாளருக்கு 'ஃபைல் டைப்ஸ்' என்று ஒரு பக்கமும் கொடுத்தார்கள். விண்டோஸ் 98-ல் அது 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருந்தது. வகையைத் தேர்ந்தெடுத்து, 'எடிட்' கொடுத்து, எந்த வேலைக்கு எந்த மென்பொருள் என்று மாற்றலாம். ஒரு முறை மட்டும் வேறு மென்பொருளில் திறக்க வேண்டுமா? ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் க்ளிக் செய்தால் 'ஓபன் வித்' வரும். இந்த ஷிஃப்ட் ரகசியம் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இந்தக் கணக்கு கெட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஜூலையில் பரவிய சர்கேம் வைரஸ் காட்டியது. .இஎக்ஸ்இ ஃபைல்களுக்கான கட்டளையிலேயே அது தன் பெயரை எழுதிக்கொண்டது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் வைரஸ் ஓடும். அவசரப்பட்டு வைரஸ் ஃபைலை மட்டும் அழித்தால் இன்னும் மோசம், ஒரு மென்பொருளும் திறக்காது. சரிசெய்ய ரெஜ்எடிட் வேண்டும். ஆனால் ரெஜ்எடிட்டும் ஒரு .இஎக்ஸ்இ ஆயிற்றே! அதற்கு நிபுணர்கள் சொன்ன வழி: ரெஜ்எடிட்டை .காம் என்ற பெயரில் நகலெடுத்து ஓட்டுங்கள். .காம் கணக்கு கெடவில்லை என்பதால் அது திறந்துகொள்ளும். மூன்று எழுத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மறைத்ததால் வந்த வினை

விண்டோஸ் 95-ல் எடுத்த இன்னொரு முடிவுதான் பெரிய விளைவை உண்டாக்கியது. தெரிந்த வகை ஃபைல்களுக்கு எக்ஸ்டென்ஷனைக் காட்டாமல் மறைப்பது. இதற்கு நியாயமான காரணம் இருந்தது. பெயரை மாற்றும்போது கடைசி மூன்று எழுத்தையும் சேர்த்து அழித்துவிட்டால் ஃபைல் திறக்காது. மறைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மேக் மாதிரி அழகாகவும் இருக்கும்.

ஆனால் மேக்கில் குறியீடு பெயருக்கு வெளியே இருந்தது. விண்டோஸில் பெயருக்கு உள்ளேயே இருந்தது, வெறுமனே கண்ணுக்கு மறைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் பெயரில் இரண்டு புள்ளி வைக்கலாம். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மட்டும் மறையும், முந்தையது தெரியும்!

2000 மே 4. "ஐ லவ் யூ" என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் பரவியது. இணைத்திருந்த ஃபைலின் முழுப்பெயர் லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ். பலருடைய திரையில் கடைசி விபிஎஸ் தெரியவில்லை. டிஎக்ஸ்டி என்று முடிந்தது, வெறும் எழுத்து ஃபைல்தானே என்று தட்டினார்கள். விபிஎஸ் என்றால் விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட். விண்டோஸ் 98-ல் அதை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் கூடவே வந்தது. அதற்கு எழுதியிருந்த 'ஓபன்' கட்டளைக்கு அர்த்தம், ஃபைலைப் படித்துக் காட்டு என்பதல்ல, அதை ஓட்டு என்பது. அவ்வளவுதான். அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன்னை அனுப்பிக்கொண்டது. ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது.

அது பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து கிளம்பியது. கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை, ஏனென்றால் அப்போது அந்த நாட்டில் அதற்கான சட்டமே இல்லை. 2000 ஜூனில்தான் சட்டம் வந்தது. 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் பெயரில் .ஜேபிஜி.விபிஎஸ் என்று இன்னொன்று வந்தது. அதே தந்திரம், அதே ஓட்டை.

அன்று சொல்லப்பட்ட மருந்துகளில் இரண்டு 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளேயே இருந்தன. எக்ஸ்டென்ஷனை மறைக்கும் டிக்கை எடுத்துவிடுவது ஒன்று. விபிஎஸ் வகைக்கு 'ஓபன்' என்பதற்குப் பதில் 'எடிட்' என்பதை முதல் வேலையாக மாற்றுவது இன்னொன்று. தட்டினால் ஓடாது, நோட்பேடில் வெறும் எழுத்தாகத் திறக்கும். செலவு ஒரு பைசா இல்லை.

உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா?

பெயர் பொய் சொல்லும் என்றால் ஃபைலின் உள்ளே பார்க்கலாமே என்று கேட்கலாம். யூனிக்ஸில் 1973-லேயே 'ஃபைல்' என்ற கட்டளை இருந்தது. அது ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையைச் சொல்லும். இஎக்ஸ்இ ஃபைல்கள் எம்இசட் என்று தொடங்கும். அது மைக்ரோசாப்டின் மார்க் ஜ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்து. ஜிப் ஃபைல்களில் வரும் பிகே என்பது பில் காட்ஸின் பெயரெழுத்து.

ஆனால் இதுவும் முழு விடை அல்ல. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் முதலில் பிகேதான் இருக்கும், ஏனென்றால் அது ஒரு ஜிப் பொட்டலம். விபிஎஸ் ஸ்கிரிப்டோ உள்ளே வெறும் எழுத்து. அந்தக் காதல் கடிதத்தை உள்ளே பார்த்திருந்தாலும் ஒரு எழுத்து ஃபைல் என்றுதான் தோன்றியிருக்கும்!

திறக்கும் உரிமைக்கு விலை

1990களின் கடைசியில் எம்பி3 வந்தபோது சண்டை வேறு பக்கம் திரும்பியது. வின்ஆம்ப், ரியல்பிளேயர், குவிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர்... எல்லோருக்கும் அந்த .எம்பி3 வேண்டும். புதிதாக ஒன்றை நிறுவினால் பழையதிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியதைத் தொடங்கும்போதெல்லாம் மீட்டுக்கொள்ள வின்ஆம்பில் ஒரு டிக்கே இருந்தது.

வணிகக் கண்ணால் பார்த்தால் இது கடையில் கண்ணுக்கு நேரே இருக்கும் அலமாரித் தட்டு மாதிரி. எந்தப் பொருள் அங்கே இருக்கிறதோ அதுதான் அதிகம் விற்கும். கடை மைக்ரோசாப்டுடையது, தட்டில் இருந்ததும் மைக்ரோசாப்டின் பொருள். 2004 மார்ச் 24 அன்று ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டிக்கொடுத்தது ஒரு குற்றச்சாட்டு, சர்வர் தொடர்பான தகவல்களைப் போட்டியாளர்களுக்குத் தராதது இன்னொன்று. 2007-ல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாகக் கொடுத்த வாக்கை மீறியதற்காக 2013-ல் 56.1 கோடி யூரோ.

இதற்கிடையே விண்டோஸ் விஸ்டாவில் பழைய 'ஃபைல் டைப்ஸ்' பக்கம் காணாமல் போனது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 இந்தக் கணக்குக்கு ஒரு பூட்டுப் போட்டது. எந்த மென்பொருளும் பயனாளரைக் கேட்காமல் தன்னை எழுதிக்கொள்ள முடியாதபடி செய்வது நல்லதுதான். ஆனால் சாவி யாரிடம்? 2015-ல் விண்டோஸ் 10-க்கு மாறியபோது பயனாளர்களின் பழைய தேர்வுகள் மதிக்கப்படவில்லை என்று மோசில்லாவின் தலைவர் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது பிரவுசரை மாற்ற ஒவ்வொரு வகையாக மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2022-ல் ஒரே பட்டன் வந்தது.

மேக்கின் அழகான விடை என்ன ஆனது? 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் எக்ஸ்டென்ஷன் பக்கம் சாய்ந்தது. 2009-ன் ஸ்னோ லெப்பர்ட் கிரியேட்டர் குறியீட்டைப் பார்ப்பதையே நிறுத்தியது. தரத்தில் உயர்ந்ததுதான், ஆனால் ஒரு ஊரில் மட்டும் செல்லும் காசு. மூன்று எழுத்து எல்லா ஊரிலும் செல்லும். அதனால் அது ஜெயித்தது.

எந்த விடையும் முழுக்கச் சரியாக இருக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. கணக்கு கண்ணெதிரே இருந்த காலத்தில் தவறு நடந்தால் பயனாளரே திருத்த முடிந்தது. மறைந்த பிறகு முதலில் வைரஸ் எழுதியவர்களும், அடுத்து நிறுவனங்களும் அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

விண்டோஸ் 95 எடுத்த அந்த முடிவு விண்டோஸ் 11-லும் தொடர்கிறது. தெரிந்த வகைகளின் எக்ஸ்டென்ஷன் இன்றும் மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. ஒரு டிக் போட்டால் போதும், அந்த மூன்று எழுத்து மறுபடியும் கண்ணுக்குத் தெரியும்.