கஞ்சாச் செடி எப்போ பூக்கும்? ஒரு சின்ன வரலாறு

1/
"டாக்டர், இது மூலிகைதானே? வெள்ளைக்காரனே 1894-ல ஆராய்ச்சி பண்ணி, பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதி வச்சிருக்கான்."

ஓபியில் ஒரு தம்பி கேட்டது. அவர் கூட்டிட்டு வந்த நண்பருக்கு வயசு 22, அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. மூணு நாளா தூக்கம் இல்லை. யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு பயம். பக்கத்துல அம்மா அழுதுட்டு நிக்கிறாங்க.

2/
அந்த நேரத்துல விளக்க முடியல. இப்போ சொல்றேன். பதில் ஒரு பூவுல இருக்கு.

கஞ்சான்னா பலரும் இலைன்னு நினைக்கிறாங்க. 1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது செடியோட பூக்கும், காய்க்கும் நுனிகளை. போதை தர்ற பிசின் அதிகமா இருக்கிறது பெண் செடியோட பூவுலதான்.
(அதுக்காக "இலைன்னா தப்பில்லை"னு கிளம்பாதீங்க. செடி வளர்த்தாலே குற்றம்.)

3/
சரி, அந்தப் பூ எப்போ வரும்?

நம்ம பக்கத்துப் பழைய சம்பா நெல்லை நினைச்சுக்கோங்க. முன்னாடி நட்டாலும் பின்னாடி நட்டாலும், பகல் குறையுற காலம் வந்தாத்தான் கதிர் விடும். சாமந்தியும் அப்படித்தான். கஞ்சாவும் இதே கூட்டம். ஜூன் 21 தாண்டினதும் இரவு நீள ஆரம்பிக்கும். இரவு போதுமான அளவு நீண்டதும் செடி பூக்கத் தயாராகும்.

4/
லண்டன்ல ஜூன் மாசப் பகல் பதினாறரை மணி நேரம். சென்னையில் அதே நாள் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். நமக்கு வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான்.

அதனால குளிர்நாட்டு ரகத்தை இங்கே போட்டா சீக்கிரமே பூத்து, குட்டையா நின்னுடும். இந்திய ரகங்கள் நம்ம பகல் அளவுக்குப் பழகினவை.

5/
இதை முதல்ல கவனிச்சவங்க விஞ்ஞானிகள் இல்ல, விவசாயிகள்.

19-ஆம் நூற்றாண்டு வங்காளத்துல நவ்காவ் பகுதி (இன்றைய வங்கதேசம்) அரசாங்க உரிமத்தோட கஞ்சா பயிரான இடம். ஆகஸ்ட்ல நாற்றங்கால், செப்டம்பர்ல நடவு, நவம்பர்ல பூக்கும் பருவம், பிப்ரவரி வாக்கில் அறுவடை.

6/
நவம்பர்ல ஒரு ஆள் வயலுக்கு வருவார். பேரு போத்தார். ஆங்கிலேயர் பதிவுகள்ல "கஞ்சா டாக்டர்"! (எங்களுக்குப் போட்டி.)

ஆண் பூ விரியறதுக்கு முன்னாடியே அடையாளம் கண்டு, ஆண் செடிகளைப் பிடுங்கிப் போடுவார். மகரந்தம் சேராத பெண் பூவுல விதை இருக்காது, பிசின் கூடும். அந்தப் பூதான் சந்தையில் விலை போகும்.

7/
இதுக்கு அறிவியல் விளக்கம் தாமதமாத்தான் வந்தது. 1912-ல் பிரான்ஸில் ழூலியன் தூர்னுவா, பகல் வெளிச்சத்தைக் குறைச்சா கஞ்சா சீக்கிரம் பூக்குதுன்னு காட்டினார். 1914-ல் முதல் உலகப் போரில் இறந்துட்டார். ஆய்வு பாதியில் நின்னது.

1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு ரெண்டு பேரும் புகையிலை, சோயா செடிகளை வச்சு இதைப் பொது விதியா நிறுவினாங்க. செடி கணக்கு பார்க்கிறது பகலை இல்ல, இடையில் வெளிச்சம் படாத இரவைன்னு 1938-ல் தெளிவாச்சு.

8/
இப்போ அந்த 1894 அறிக்கை. இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம். 1193 சாட்சிகளை விசாரிச்சது. மிதமான பயன்பாட்டால் பெரிய கெடுதல் இல்லைன்னு சொன்னது உண்மை. மறைக்க மாட்டேன்.

மிதமிஞ்சினா உடம்புக்கும் மனசுக்கும் கேடுன்னும் அதே அறிக்கை சொல்லுது. ஃபார்வர்டுல அந்த வரி மட்டும் காணாமப் போயிடும்.

9/
இன்னொரு விஷயம். போதை தர்ற டிஎச்சியை மெஷூலமும் கயோனியும் பிரிச்செடுத்ததே 1964-ல். ஆணையத்துக்கு வீரியத்தை அளக்க வழியே இல்லை. அவங்க பார்த்தது வெயில்ல, வருஷத்துல ஒரு பருவம் பூத்த செடி.

10/
இன்னைக்கு? மூடின அறை, மின்விளக்கு. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. எந்த மாசமும் செடிக்கு நவம்பர்தான். கூடவே வீரியத்துக்காகவே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்த ரகங்கள்.

அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் 1995-ல் சராசரியா 4% இருந்த டிஎச்சி, 2014-ல் 12%. சென்னை விமான நிலையத்துல பிடிபடுறதா செய்தியில் வர்ற "ஹைட்ரோபோனிக்" சரக்கும் இப்படி அறைக்குள்ள வளர்த்ததுதான்.

11/
ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வு: 10 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி உள்ளதைத் தினமும் எடுக்கிறவங்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வர வாய்ப்பு, எடுக்காதவங்களை விட ஏறக்குறைய 5 மடங்கு.

எடுக்கிற எல்லாருக்கும் வரும்னு சொல்லல. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லவும் என்னால முடியாது. அதுதான் பயம்.

12/
ஆக, 130 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பூவைப் பத்தி எழுதின சான்றிதழை இன்னைக்கு விளக்குல பூத்த பூவுக்கு ஒட்டக்கூடாது தம்பி. பேரு ஒண்ணு, சரக்கு வேற.

13/
அந்தப் பையனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்போ தூங்குறார். பயம் குறைஞ்சிருக்கு. அம்மா இன்னும் "எப்போ பழையபடி ஆவான்"னு கேட்டுட்டு இருக்காங்க.

உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருந்தா அடிக்காதீங்க, மறைக்காதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. பேசணும்னா 14416, கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம்.