மிஸ் கமலாவை இனி பார்க்க முடியாது

போன வாரம் எங்க நெய்வேலி ஸ்கூல் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி வந்தது: தமிழின் முதல் பேசும்பட நாயகி யார்? டி.பி.ராஜலட்சுமி என்று சட்டென்று நாலு பேர் பதில் போட்டுட்டாங்க. சரியான பதில்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறோம் என்பதுதான் என் உறுத்தல்.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. எடுத்தது பம்பாயில். தயாரிப்பு அர்தேஷிர் இரானி, இயக்கம் எச்.எம்.ரெட்டி. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இதில் வேடிக்கை, ராஜலட்சுமி தமிழில் பேச, ஹீரோ பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஜனங்களுக்கு அது பொருட்டாகவே இல்லை. திரை பேசுதே, அது போதும். புராதனக் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் பற்றி மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு வேறு. நாடக மேடையில் தேசபக்திப் பாட்டுக்குக் கைதட்டல் வாங்கிப் பழகியவர் ராஜலட்சுமி, அதை அப்படியே படத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

1911இல் பிறந்தவர், திருவையாற்றுக்காரர். சின்ன வயசிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். இந்தப் பின்னணியோடு அடுத்த தகவலைப் படியுங்க.

1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். இந்திய அளவில் அவருக்கு முன்னால் பம்பாயில் ஃபாத்மா பேகம் 1926இலேயே 'புல்புலே பரிஸ்தான்' எடுத்திருந்தார். என்னைக் கேட்டால், க்விஸ்ஸில் வர வேண்டியது காளிதாஸ் இல்லை, மிஸ் கமலாதான். முன்னதில் அவரை யாரோ நடிக்கக் கூப்பிட்டார்கள், பின்னதில் எல்லா முடிவும் அவருடையது.

ஆனால் எப்படி எடுத்திருந்தார் என்று பார்க்க வழியில்லை. காளிதாஸும் போச்சு, மிஸ் கமலாவும் போச்சு. அந்தக் கால பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பத்திரமாக வைத்தாலும் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். ஓடி முடிந்த படங்களை அதிலிருக்கும் வெள்ளிக்காகக் கழுவி விற்றவர்களும் உண்டு. பேக்கப் எடுக்காத சர்வர் மாதிரிதான், போனால் போனதுதான். எங்க ஊர் சுரங்கத்தில் எவ்வளவு மண் மூடியிருந்தாலும் அள்ளிப் போட்டால் கீழே கரி இருக்கும். இங்கே தோண்டினால் கிடைப்பது பத்திரிகை விளம்பரமும், சில போட்டோக்களும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான்.

ராஜலட்சுமி 1964இல் காலமானார். பழைய படங்களைக் காப்பாற்றுவதற்கென்று பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் அதே 1964இல்தான்.

உங்க வீட்டுப் பரணில் தாத்தா பாட்டி வைத்த பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்னே எல்லாப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்க.