பாறையா, மாக்மாவா?

1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. 57 பேர் பலி. மலையின் உச்சியையே காணோம். நாடு முழுக்க டிவியில் அதே பேச்சு.

சரியாக ஒரு வாரம் கழித்து அடுத்த ஞாயிறு. இந்த முறை கலிபோர்னியா. மாமத் லேக்ஸ் என்று ஒரு சின்ன மலை ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் மீன்பிடிப்பு என்று சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற இடம். லாஸ் ஏஞ்சல்ஸ் பணக்காரர்கள் ஆசையாக ஒரு வீடு வாங்கிப் போட்டு வைப்பார்கள். அன்றைக்கு ஒரே நாளில் அந்த ஊரை மூன்று பூகம்பங்கள் உலுக்கின. 27ஆம் தேதி நாலாவது. ஒவ்வொன்றும் 6 அளவை ஒட்டியது.

கலிபோர்னியாவுக்குப் பூகம்பம் புதிதா என்ன? இல்லைதான். ஆனால் இந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. சுமார் 7,60,000 வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு ராட்சத எரிமலை வெடித்து, ஏறத்தாழ 600 கன கிலோமீட்டர் பாறையையும் சாம்பலையும் வெளியே கொட்டியது. உள்ளே காலியானதும் மேல்தரை பொத்தென்று இறங்கி, 32 கிலோமீட்டர் நீளம், 17 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளமாகிவிட்டது. கால்டெரா என்பார்கள். அந்த லாங் வேலி கால்டெராவின் தென்மேற்கு ஓரத்தில்தான் ஊர்.

பூகம்பத்துக்குப் பிறகு நிலத்தை அளந்து பார்த்தார்கள். பள்ளத்தின் நடுப்பகுதி 25 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. அடுப்பில் போட்ட பூரி மாதிரி தரை உப்புகிறது என்றால் அடியில் என்னவோ சேர்கிறது என்றுதானே அர்த்தம்?

1982 மே மாதக் கடைசியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'எரிமலை அபாயத்துக்கு வாய்ப்பு உண்டு.' அவர்களிடம் இருந்த மூன்று படிநிலைகளில் இதுதான் ஆகக் கீழ்ப்படி. ஆனால் அதற்குள் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் பேப்பரைப் பார்த்துத்தான் விஷயத்தையே தெரிந்துகொண்டார்கள். அதுவும் கோடை சீசன் தொடங்கும் நேரத்தில். கேட்க வேண்டுமா? வியாபாரம் படுத்தது. வீட்டு விலை சரிந்தது. நியாயமாகச் சொன்னால் அப்போது அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டியே 15 சதவிகிதத்துக்கு மேல். எரிமலை இல்லாவிட்டாலும் விலை இறங்கியிருக்கும். ஆனால் வட்டி விகிதத்தை யார் திட்டுவார்கள்? விஞ்ஞானிகளைத்தான் திட்டினார்கள்.

1983 ஜனவரியில் மறுபடி பூமி ஆடியது. ஊரிலிருந்து வெளியேற ஒரே ஒரு சாலை. அது அடைபட்டால் கதை கந்தல். அவசரமாக இன்னொரு சாலை போட்டார்கள். தப்பிக்கும் வழி என்று உள்ளபடி பெயர் வைத்தால் டூரிஸ்ட் வருவானா? 'சீனிக் லூப்', அதாவது கண்ணுக்கினிய சுற்றுச்சாலை என்று பெயர் வைத்தார்கள்!

சரி, 1980இல் ஆடியது வெறும் பாறையா, இல்லை அடியிலிருந்து முட்டிய மாக்மாவா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பூகம்பம் நடக்கும்போது சுற்றிலும் உள்ள சீஸ்மோகிராஃப்கள் முதல் அசைவைப் பதிவு செய்யும். சில இடங்களில் தரை வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். சில இடங்களில் உள்பக்கமாக இழுக்கப்படும். ஒரு தோசையைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காக வெட்டுங்கள். எதிரெதிர் துண்டுகள் இரண்டு தள்ளல், மற்ற இரண்டும் இழுப்பு. பாறை இரண்டாகப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் இந்த நாலு துண்டுக் கணக்கு சுத்தமாக வரும். ஜப்பானியர் ஷிடா தோஷி 1917லேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது.

மாமத் லேக்ஸ் பூகம்பங்களில் சிலவற்றுக்கு இந்தக் கணக்கு சரியாக வரவில்லை. ஒரு திசையில் இழுத்து, மற்ற இரண்டு திசைகளிலும் அமுக்கியது போன்ற வடிவம். 1983இல் புரூஸ் ஜூலியன் என்ற புவியியல் மைய விஞ்ஞானி 'நேச்சர்' இதழில் எழுதினார்: மாக்மா அழுத்தத்தோடு புகுந்து ஒரு விரிசலைத் திறந்திருக்கிறது. அங்கே விரிசல் திறந்தது வரவு. மாக்மா கிளம்பி வந்த இடத்தில் அழுத்தம் குறைந்தது பற்று. இரண்டும் நேராகிவிடுவதால் மொத்தக் கொள்ளளவு மாறியதாகத் தெரியாது.

அருமையான விளக்கம். ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? 'அதெல்லாம் இல்லை. வெவ்வேறு திசையில் வழுக்கும் இரண்டு சாதாரணப் பிளவுகள் சில விநாடி இடைவெளியில் அசைந்தாலும் இதே வடிவம் வரும்' என்றார்கள். இரண்டு வவுச்சரை ஒரே பதிவாகப் போட்டுவிட்டு, இதென்ன விசித்திரமான தொகை என்று ஆச்சரியப்படுவது மாதிரி. இரண்டு தரப்பிலும் கெட்டிக்காரர்கள். கையில் இருந்ததோ ஒரே பூகம்பத்தின் பதிவுகள். வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

இதற்கிடையில் 1989இல் ஊரை ஒட்டிய மாமத் மலைக்கு அடியில் மாதக்கணக்கில் குட்டிக் குட்டி அதிர்வுகள். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் 1990இலிருந்து அங்கே மரங்கள் காரணமில்லாமல் பட்டுப்போயின. கடைசியில் பார்த்தால், மண்ணுக்குள்ளிருந்து கரியமில வாயு கசிந்து வேர்களை மூச்சுமுட்ட வைத்திருந்தது. பெரிய பூகம்பம் காட்டாததைச் சின்னது காட்டிவிட்டது.

1997 நவம்பரில் கால்டெராவுக்குள் மறுபடி தொடர் அதிர்வுகள். இந்த முறை நல்ல டிஜிட்டல் கருவிகள் தயாராக இருந்தன. டக்ளஸ் டிரெகரும் மற்றவர்களும் ஆராய்ந்து 2000இல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். சில பூகம்பங்களில் வழுக்கலோடு கூடவே கொள்ளளவும் நிஜமாக அதிகரித்திருந்தது. பாறை மட்டும் அல்ல, அழுத்தத்தில் இருந்த சூடான திரவமும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறது! அத்தனை அதிர்விலும் அந்த வருடம் எச்சரிக்கைப் பலகையில் பச்சை வண்ணம் மாறவில்லை என்பதுதான் அழகு. அதிர்வின் வடிவம், தரையின் உப்பல், வாயுவின் கசிவு என்று எல்லாப் பேரேடுகளையும் சேர்த்துப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்ற பக்குவம் வந்திருந்தது.

2023இல் கால்டெக் விஞ்ஞானிகள் தொலைபேசிக்கான ஃபைபர் கேபிளையே காதாக வைத்துக் கேட்டார்கள். மாக்மா குளிர்ந்து, மேலே கெட்டியான மூடி விழுந்திருக்கிறது, பெரிய வெடிப்புக்கான அறிகுறி இல்லை என்றார்கள். ஊரே பெருமூச்சு விட்டிருக்கும்.

1980ஆம் வருடக் கணக்கு? அது இன்னும் ஆடிட்டிங்கில்தான் இருக்கிறது. பழைய பதிவுகளைப் புதிதாக எடுத்துவிட முடியாதே! அந்தச் சீனிக் லூப் சாலை இப்போதும் இருக்கிறது. எதற்காகப் போட்டார்கள் என்பதே தெரியாமல் ஜாலியாகக் காரோட்டிப் போகிறவர்கள் நிறைய பேர்.