முட்டைக் காசு யாருடையது?

சிறுவாடு என்றொரு சொல் தமிழில் உண்டு. வீட்டுப் பெண் செலவில் மிச்சம் பிடித்தும், சிறுசிறு விற்பனைகள் செய்தும் தனக்கெனச் சேர்த்து வைக்கும் பணத்தை அது குறிக்கும். அரிசிப் பானைக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் கிடந்த காசுக்குத் தனிப்பெயர் சூட்டிய மொழி நம்முடையது. அந்தச் சிறுவாட்டின் பெரும்பங்கு வளவுக் கோழிகள் இட்ட முட்டைகளால் வந்தது. வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய முட்டைகள் ஓலைப் பெட்டியில் ஏறி, வேலிப் பொட்டால் நுழைந்து, அடுத்த வீட்டுக்குப் போயின.

நேயர்களே, இந்த முட்டைக் காசுக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. அமெரிக்கக் கமக்காரக் குடும்பங்களின் கதை அதற்குச் சிறந்த சான்று.

ஆங்கிலேயர் தம்மோடு அமெரிக்காவுக்குக் கொண்டு சென்ற பொதுச் சட்டத்தின்படி, கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள். 1765 இல் வெளிவரத் தொடங்கிய தமது சட்ட விளக்க நூலில் வில்லியம் பிளாக்ஸ்டன் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். ஒரே ஆள் என்றால் அந்த ஆள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மனைவி உழைத்த கூலியும் கணவனையே சேர்ந்தது. நியூயோர்க் மாநிலம் 1848 இல் மணமான பெண்ணின் சொத்துரிமையையும், 1860 இல் அவளது சொந்த உழைப்பின் வருமானத்தையும் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1870 ஆம் ஆண்டுச் சட்டமே மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கு உரியதாக்கியது.

ஆனால் சட்டம் இறங்கிவர முன்னரே வழக்கம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது. வயலும் மாடும் தானியமும் ஆணின் கணக்கு. கோழியும் வெண்ணெயும் பெண்ணின் கணக்கு. பல பண்ணை வீடுகளில் இதுவே எழுதாத சட்டம். கோழி வளர்ப்பதை ஆண்கள் சில்லறை வேலையாகக் கருதினார்கள். அந்த அலட்சியமே பெண்ணுக்குக் காவலாயிற்று.

கிராமக் கடையில் முட்டை காசைப் போலவே செல்லுபடியானது. பெண்கள் முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சீனி, கோப்பி, மண்ணெண்ணெய், துணி, நூல் ஆகியவற்றை வாங்கினார்கள். கடைக்காரர் இருட்டறையில் முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்து நல்லது கெட்டது பார்ப்பார். தேறியவை பெட்டிக்கு 30 டசின் வீதம் அடுக்கப்பட்டு நகரத்துக்கு ரயிலேறும். 1913 ஜனவரி முதலாந் திகதி அமெரிக்கத் தபால் திணைக்களம் பொதித் தபால் சேவையைத் தொடக்கியது. அதன்பின் கடைக்காரரின் தயவின்றி, நகரத்து வீடுகளுக்கே நேரடியாக முட்டை அனுப்பவும் வழி பிறந்தது.

முதலாம் உலகப் போர் வந்தபோது அரசாங்கத்தின் கண்ணும் கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. வீட்டில் ஓர் ஆளுக்கு இரண்டு பேடு வீதம் கொல்லையில் வளர்க்கும்படி அமெரிக்க விவசாயத் திணைக்களம் சுவரொட்டி ஒட்டியது. அதுவரை சமையற்கட்டுக் காரியமாக இருந்தது ஒரே நாளில் தேசபக்தியாயிற்று. முப்பதுகளில் பொருளாதார மந்தம் வந்து, தானியம் விலைபோகாமல் கிடந்த காலத்தில், சில்லறை என்று ஒதுக்கப்பட்ட அந்த முட்டைக் காசுதான் எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரியவைத்தது. பிள்ளையின் சப்பாத்தும் பாடப் புத்தகமும் அதிலிருந்தே வந்தன.

இந்தக் கதையின் திருப்பம் 1923 இல் நேர்ந்தது. டெலவெயர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் செசீல் ஸ்டீல் என்ற இல்லத்தரசி, முட்டைக் கோழிகளாக வளர்க்க 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்பினார். தவறுதலாக 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. கூடு அடித்து வளர்த்தார். தப்பிய 387 குஞ்சுகளும் ஏறத்தாழ இரண்டு இறாத்தல் ஆனதும், இறாத்தல் 62 சதம் வீதம் இறைச்சிக்கு விற்றார். அடுத்த ஆண்டு 1,000 குஞ்சுகள் வாங்கினார். கரையோரக் காவற் சேவையில் இருந்த கணவரும் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். 1926 அளவில் 10,000 கோழிகளுக்கான கூடம் எழுந்தது. இறைச்சிக் கோழித் தொழிலின் தொடக்கமென்று அமெரிக்கர் சொல்வது இதைத்தான். அவருடைய முதற் கோழிக்கூடு 1974 இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது.

பெண்ணின் கூட்டில் பிறந்த தொழில் வளர்ந்தது. ஆனால் பெண்ணின் கையில் வளரவில்லை. ஆயிரமும் பதினாயிரமும் ஆனபோது வங்கிக் கடன் வந்தது. தீவனக் கம்பனியின் ஒப்பந்தம் வந்தது. கையொப்பமிட ஆண் வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முட்டையும் கம்பிக் கூண்டுத் தொழிலாயிற்று. கொல்லைக் கோழிகள் குறையக் குறைய, மனைவிக்கென்றிருந்த அந்தக் கணக்கும் வீட்டுக்கு வீடு மூடப்பட்டது.

நமது நிலை என்ன? 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். அது இருவருக்கும் பொது. ஆயினும் அதை ஆளும் அதிகாரம் கணவன் கையில் இருந்தது. சட்டப் புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினாலும் சிறுவாட்டுக்கு ஓர் அத்தியாயம் கிடையாது. அது வழக்கத்தின் கருணையில் வாழ்ந்தது.

முற்றத்தில் உலரவிட்ட உணவைக் கவர வந்த கோழியைத் துரத்தத் தன் காதுக் குழையைக் கழற்றி எறிந்த காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். அந்தக் குழை சிறுவரின் மூன்றுகால் தேருக்கு வழிமறித்துக் கிடந்ததாம். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் மனம் வேறொருத்தியிடம் போய்விடும். அவள் கோழிமேல் தோட்டை எறியவில்லை. கோழி வளர்த்துத் தோடு வாங்கினாள். அவளைப் பாடப் புலவர் எவரும் வரவில்லை.

எங்கள் ஆசிரியர் அறைக்கு ஓர் ஆசிரியை கிழமைக்கு ஒருநாள் முட்டை கொண்டுவருவார். தவிட்டுக்குள் பதித்த முட்டைகள். இடைவேளைக்குள் தீர்ந்துவிடும். ஒருநாள் கேட்டேன்:

"ரீச்சர், நல்லா ஓடுதே. இருநூறு கோழி விட்டால் என்ன?"

அவர் காசை எண்ணிச் சிறிய பையொன்றில் போட்டபடி சொன்னார்:

"இவரும் அதைத்தான் சொல்லுறார், சேர். லோன் எடுப்பமாம். இருநூறு கோழி வந்தால் அது இவரின்ரை வியாபாரம். பத்துக் கோழி எண்டால் என்ரை காசு."

டெலவெயரின் கதையை அவர் படித்தவரல்லர். இருந்தும் அந்த வரலாற்றின் சாரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய சம்பளம் வீட்டுக்குப் பொது. அந்தச் சின்னப் பைக்கு மட்டும் அவர் யாருக்கும் கணக்குக் காட்டுவதில்லை. நானும் அதற்குப் பிறகு இருநூறு கோழியைப் பற்றிப் பேசவில்லை. கிழமைக்குப் பத்து முட்டை வாங்குவதோடு நின்றுகொண்டேன்.