மதுக்கரை யானை எச்சரிக்கை அமைப்பு

மதுக்கரை யானை எச்சரிக்கை அமைப்பு என்பது கோயம்புத்தூர் மாவட்டம், மதுக்கரை வனச்சரகத்தில் தொடருந்துப் பாதையை நெருங்கும் யானைகளைச் செயற்கை நுண்ணறிவால் கண்டறிந்து தானாகவே செய்தி அனுப்பும் அமைப்பு ஆகும். தமிழ்நாடு வனத்துறை அமைத்த இது, 2024 பிப்ரவரியில் செயல்பாட்டுக்கு வந்தது.

பின்னணி

கோவை–பாலக்காடு தொடருந்துப் பாதை எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே ஏ, பி என இரு தடங்களாகக் காட்டைக் கடக்கிறது. யானைகள் நடமாடும் பகுதி இது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவுத் தொடருந்து மோதி 3 யானைகள் இறந்தன. வனப் பணியாளர்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து காவல் காத்துவந்தனர். ஆனால், காவலர் நிற்காத இடத்தில் யானை ஏறினால் ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை. நேரில் கண்டபின் வண்டியை உடனே நிறுத்தவும் இயலாது.

செயல்பாடு

₹7.24 கோடிச் செலவில் 12 கோபுரங்களும், அவற்றில் வெப்பப் படக்கருவிகள் உட்பட 24 படக்கருவிகளும் நிறுவப்பட்டன. படக்கருவி யானையை அடையாளம் கண்டவுடன், தண்டவாளத்திலிருந்து அது நிற்கும் தொலைவைப் பொறுத்து எச்சரிக்கை எழும். கட்டுப்பாட்டு அறை வழியாகத் தொடருந்துத் துறையினருக்கும் வனப் பணியாளருக்கும் தகவல் செல்லும். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். பணியாளர்கள் யானையைப் பாதையிலிருந்து விலக்குவர்.

முக்கியத்துவம்

அரட்டை இயலி, செய்தி வந்தவுடன் மறுமொழி தருவதைப் போல, இவ்வமைப்பும் நிகழ்வு நேர்ந்தவுடன் வினையாற்றுகிறது. சுற்றிவந்து தேடும் காவல், இரவும் பகலும் விழித்திருக்கும் காவலாக மாறியது. எனினும், செய்தி கிடைத்தபின் வண்டியின் வேகத்தைக் குறைப்பது மனிதர் கையிலேயே உள்ளது.