சோழியும் கால்குலேட்டரும்

சாயல்குடி வட்டாரத்தில் கண்மாய்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம்! ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். கரை வளைந்து வளைந்து போகிறது. உள்ளே பரப்பு எவ்வளவு? நீளம் பெருக்கல் அகலம் என்ற சூத்திரம் இங்கே பல்லிளித்துவிடும்.

வாழைக்காய் சீவுவதுபோலக் கண்மாயை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து கூட்டலாம். பட்டை மெலிய மெலிய, விடை உண்மையை நெருங்கும். பிளஸ் ஒன் பிள்ளைகளை மிரட்டும் தொகை நுண்கணிதத்தின் அடிப்படை அவ்வளவுதான்!

1985-ல் காசியோ கம்பெனி, வளைகோட்டைத் திரையிலேயே வரைந்து காட்டும் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. இன்று செல்போனே அதைச் செய்கிறது. எக்ஸ் ஸ்கொயர் வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து 1 வரை அதன் கீழுள்ள பரப்பு என்ன? கோட்டுக்கு மேலே சற்றே துருத்துகிற மாதிரி 10 பட்டை போட்டால் 0.385. 100 பட்டைக்கு 0.33835. 1000 பட்டைக்கு 0.33383. மூன்றில் ஒரு பங்கை நோக்கி இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது.

சரி, ஏன் மூன்றில் ஒரு பங்கு? அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தெரியாது.

இங்கே ஒரு பழைய கதை. 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார்! தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிஷம்தான். ஆனால் முடியும் நேரத்தில் 52 நிமிஷம். கணக்கின் பின்னால் உள்ள தத்துவம் அவருக்குத் துளியும் தெரியாது என்று வாரன் எழுதிவைத்தார். தத்துவம் தெரியாவிட்டால், பிசகு எங்கே என்று எப்படித் தேடுவது?

பக்கத்துக் கேரளத்தில் 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் எழுதிய நூல் 'யுக்திபாஷா'. சமஸ்கிருதத்தில் அல்ல, மலையாளத்தில். அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசி எண்ணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை அது நெருங்கும் என்பதைக் காரணத்தோடு விளக்குகிறது. நம் செல்போன் காட்டிய அதே மூன்றில் ஒன்று! நியூட்டன் பிறக்க இன்னும் 100 வருஷத்துக்கு மேல் இருந்தது.

பெரியதிலிருந்து சிறியதாகச் சதுரப் பலகைகளை அடுக்குங்கள். கோபுரம் மாதிரி வரும். பலகை மெல்லியதாக இருந்தால், அதே உயரமும் அடியும் உள்ள கனசதுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

உங்கள் பிள்ளை செல்போனில் விடையைக் காட்டினால் தட்டிக்கொடுங்கள். கையோடு 'ஏன்?' என்றும் கேட்டுவையுங்கள். பதில் வரவில்லையென்றால், அவன் கையில் இருப்பதும் சோழிதான்.