பவுல் குறூனிங்கர்: எல்லைக்காவலும் ஆணைமீறலும்

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜேர்மனி ஓஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதும், அங்கு வாழ்ந்த யூதர்கள் அயல்நாடான சுவிற்சர்லாந்தை நோக்கித் தப்பியோடலாயினர். ஓகஸ்ட்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடி, விசாவின்றி வருவோரைத் திருப்பியனுப்பப் பணித்தது. ஓஸ்திரிய எல்லையை அடுத்த சென்ற் கலன் மாநிலத்தின் பொலிஸ் தலைவராக அப்போதிருந்தவர் பவுல் குறூனிங்கர் (1891-1972).

இவரைப் புரட்சியாளராகக் காண்பது பொருந்தாது. ஆசிரியத் தொழிலிலிருந்து பொலிஸ் சேவைக்கு வந்த மத்தியதர வர்க்க அலுவலர் இவர். இளமையில் உதைபந்தாட்ட வீரருங்கூட. இவரது மீறலின் தன்மையே நாம் நுணுகி நோக்கவேண்டியது. அகதிகளை உள்ளே வரவிட்டதோடு, எல்லை மூடப்படுமுன்னரே அவர்கள் வந்துவிட்டதாகப் பத்திரங்களில் முன்திகதியிட்டார். எழுத்தில் வந்த ஆணையை எழுத்தாலேயே செயலிழக்கச் செய்தார் எனலாம். இவ்வாறு காக்கப்பட்டோர் பல நூற்றுவர். 3,600 வரையெனக் கூறுவோரும் உளர்.

1939இல் பதவி பறிக்கப்பட்டது, ஓய்வூதியமும் போயிற்று. கடமை மீறினார், ஆவணத்தைத் திரித்தார் என 1940இல் நீதிமன்றம் தண்டம் விதித்தது. பின்னர் நிலையான தொழில் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

அவரது பெயரிலுள்ள களங்கத்தை நீக்கக்கோரிய வேண்டுகோள்களை மாநில அரசு பல தடவை தட்டிக்கழித்தது. இத்தாமதம் வெறும் அலுவலக மந்தமன்று என்பதே நம் கருத்து. அவரைக் குற்றமற்றவரென ஏற்பின், அகதிகளைத் திருப்பியனுப்பிய அரசே குற்றவாளிக்கூண்டில் ஏறவேண்டியிருக்கும். 1971இல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. மறுவருடம் அவர் காலமானார். சென்ற் கலன் நீதிமன்றம் அவரை விடுவித்தது 1995இலேயே.